சுக்கானியின் பெயருக்கு நடந்த தொழுகை

வஜீஹாவின் டிரங்குப் பெட்டிக்கு ஷரஃபுதீன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கூடத்துத் தரையில் வைத்து, ஒரு முழங்காலை மூடிமேல் ஊன்றி, தேங்காய் நார்க் கயிற்றை இழுத்து முறுக்கினார். முடிச்சுப் போட்டார். தள்ளி உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். பெட்டியின் பூட்டு நன்றாகத்தான் இருந்தது. கயிறு கட்டச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

நாளைச் சாயங்காலம் எழும்பூரில் தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில். தோல் வியாபாரம் செய்யும் ஹபீபுர் ரஹ்மானும் அவர் மனைவியும் கொழும்புக்குப் போகிறார்கள். அவர்களோடு வஜீஹாவும் போகிறாள். கொழும்பில் இருக்கும் தன் புருஷன் காதரைத் தேடிக் கையோடு கூட்டிவரப் போகிறாள். காதர் கொழும்பில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே கடலில் போய்விட்டான். இது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் வஜீஹாவின் அண்ணன் ஷரஃபுதீன். இன்னொருவர் அவர் மனைவி ஜஹனாரா.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஆறு குடித்தனம் இருந்த ஸ்டோரில் வாசல் பக்கத்துப் போர்ஷன் அவர்களுடையது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மீன்காரி வேலம்மா காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னா சாயபு, காலைல போறப்பவும் கட்டிக்கினு இருந்தே. கூடையையே காலி பண்ணிட்டு வந்துட்டேன், இன்னும் கட்டிக்கினே கீறே? உள்ள இன்னா நவாபு நகையா கீது?"

"கயிறு சரியில்ல வேலம்மா."

"கயிறெல்லாம் நல்லாத்தான் கீது. தங்கச்சிய அனுப்பத்தான் உனக்கு மனசு வல்ல. அது புருசன்காரன் கொயும்புல குந்திக்கினு இருந்தா, அது போவாம இன்னா செய்யும்?" என்று சொன்னவள் சிரித்தாள். "சரி சரி, இன்னிக்குக் குளத்துல தெப்பம். ஓட்டறதுக்கு ஒரு சுக்கானி வேணுமாம். போறியா? அது முழுவாது, பயப்படாதே."

அடுப்படியில் அம்மி ஓசை நின்றது.

"வேலம்மா, பெட்டிக்குக் கட்டினது போக மிச்சம் கயிறு இருக்கு. உன் வாயைக் கட்டிக்கப் போதுமா பாரு" என்றாள் ஜஹனாரா உள்ளேயிருந்து.

"யம்மா, நான் சும்மா தமாசுக்குச் சொன்னேன்" என்று வேலம்மா நகர்ந்துவிட்டாள். அம்மி மறுபடி ஓடவில்லை.

*

ஷரஃபுதீனுடைய அப்பா கச்சேரி ரோட்டில் கைலி விற்றவர். மகனும் கடையில் உட்காருவான் என்று நினைத்திருந்தார். பத்தொன்பது வயதில் மகன் துறைமுகத்துக்கு நடந்தே போய், 'அமீனா பீ' என்ற பாய்க்கப்பலில் ஏறிவிட்டான். அது 1911. அப்போதே அந்தக் கப்பலுக்கு முப்பத்தேழு வயது. கோரங்கியில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். அடிமுதல் நுனிவரை தேக்கு. முதலில் வாங்கிய பரங்கிப்பேட்டை வியாபாரி தன் தாயாரின் பெயரை அதற்கு வைத்தார். அந்தத் தாயார் கடலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று சொல்வாராம்.

சமையல் கட்டில் விறகு தள்ளுவதில் தொடங்கி, பாய் இழுத்து, பத்து வருஷத்தில் ஷரஃபுதீன் சுக்கானி ஆனார். கப்பலின் திசையைத் திருப்புகிற சுக்கான் அவர் கையில். அவருக்கு மேலே கப்பலை நடத்துகிற நகுதா ஒருவர்தான். உப்பு ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போவார்கள். பர்மாவில் அக்யாபிலிருந்து அரிசி, மௌல்மீனிலிருந்து தேக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கையும் புகையிலையும் வரும். ஒருமுறை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் இரண்டு ஒட்டகங்களும் வந்தன. ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் கப்பல் ஓடாது. அந்த இரண்டு மாதமும் ஆற்று முகத்தில் கட்டிப்போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைப்பார்கள். சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்காரன் எவனும் அந்த வழக்கத்தை மீற மாட்டான்.

1914-இல் எம்டன் வந்து குண்டு போட்ட ராத்திரி அமீனா பீ மதராஸில் நங்கூரம் போட்டு நின்றிருந்தது. முன்பாய்மரத்தில் ஒரு இரும்புத் துணுக்கு செருகிக்கொண்டது. அதைப் பிடுங்கக் கூடாது என்று நகுதா சொல்லிவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு அதைத் தொட்டுக் காட்டுவது ஷரஃபுதீனுடைய வேலை.

ஜஹனாராவை அவர் கல்யாணம் செய்தது 1916-இல். வருஷத்தில் ஏழு மாதம் கப்பல், சரக்குக்குக் காத்துக் கிடக்கிற நாளும் சேர்த்து மிச்சம் ஐந்து மாதம் வீடு. கப்பலை அவள் 'பெரியவள்' என்றே சொல்வாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பெரியவ எப்படி இருக்கா? சௌக்கியமா?" என்று கேட்பாள். அவரும் "இடுப்புல கொஞ்சம் தண்ணி இறங்குது. மத்தபடி நல்லாருக்கா" என்பார். லஸ் பக்கம் நடந்தால் பெரிய பங்களாக்களைக் காட்டி, "இந்த வீட்டு உத்தரமெல்லாம் நாங்க கொண்டாந்த தேக்கு" என்று சொல்வார். "அப்ப உள்ள போய் வாடகை கேட்டு வாங்கிட்டு வாங்க" என்பாள் ஜஹனாரா.

நீராவிக் கப்பல்கள் சரக்கை எல்லாம் பிடுங்கிக்கொண்டன. 1937-இல் அமீனா பீயைப் பரங்கிப்பேட்டையில் ஆற்றுச் சேற்றில் கட்டிப்போட்டார்கள். ஐந்து வருஷம் அது அங்கேயே கிடந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஷரஃபுதீன் ரயிலேறிப் போய், அதன் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வருவார். "புளியோதரை கட்டித் தரட்டுமா? பெரியவளுக்கும் சேர்த்து?" என்று கேட்டுவிட்டுக் கட்டியும் தருவாள் ஜஹனாரா.

யுத்தம் வந்தது. நீராவிக் கப்பல்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. சிலோனுக்கு அரிசி அனுப்பக் கப்பல் இல்லாததால், சேற்றில் கிடந்த கிழட்டுக் கப்பல்களை எல்லாம் இழுத்து வெளியே விட்டார்கள். அமீனா பீக்கும் புதுப் பாய் தைத்தார்கள், பலகை அடைத்தார்கள். சுக்கானைத் தாங்கும் இரும்புக் கீல்களை மட்டும் மாற்றவில்லை. இரும்பு கிடைக்கவில்லை. கீல் தேய்ந்திருந்ததால் கப்பல் இடது பக்கம் இழுத்தது. ஷரஃபுதீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இடுப்பைச் சுக்கான் கட்டையோடு ஒட்டிக்கொண்டு, வலப்பக்கம் ஒரு பிடி கூடுதலாகவே கொடுத்து ஓட்டினார். அந்தப் பிடி எவ்வளவு என்று யாருக்கும் சொல்லித் தர அவருக்குத் தெரியாது.

*

வஜீஹா அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவள். அப்பா போன பிறகு அவர் வளர்த்தவள். அண்ணனைக் 'காக்கா' என்றும் அண்ணியை 'லாத்தா' என்றும் கூப்பிடுவாள். காதருக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கால்வாய்க்கரையில் ஒரு தார்ப்பாய்க் கடையில் காதர் தையல் வேலை செய்தான். பேசும்போது உள்ளங்கையால் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசுவான். சத்தம் வராமல் சிரிப்பான். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு தடவை ஷரஃபுதீன் அழைத்தாரே என்று கப்பலில் போனவன், கடலூர் தாண்டும்வரை வாந்தி எடுத்தான். அதன் பிறகு கடல் பக்கமே திரும்பவில்லை. 1942 சித்திரையில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, தார்ப்பாய்க் கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து காதருக்கு வேலை இல்லை. அடுத்த மாதம் வஜீஹா உண்டானாள். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அமீனா பீக்கு அரிசி ஏற்றினார்கள். ஐப்பசியில் ஓட்டுவதா என்று நகுதா மெஹபூப் அலி கேட்டுப் பார்த்தார். யுத்தம் ஐப்பசி பார்க்குமா என்று மேலிடத்தில் சொன்னார்கள். கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ஷரஃபுதீனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. மூன்று போர்வைக்குள் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது மெஹபூப் அலியே வீட்டுக்கு வந்தார்.

"பதினொரு பேர் பாஸ் முத்திரை போட்டாச்சு ஷரஃபு. ஒரு ஆள் குறைஞ்சா கப்பலை விட மாட்டான். புது ஆளுக்குப் பாஸ் எழுதப் பத்து நாள் ஆவும். சுக்கானை நான் பார்த்துக்கிறேன். உன் பேருக்கு ஒரு ஆளை அனுப்பு."

யுத்தகாலப் பாஸில் போட்டோ கிடையாது. பெயர், தகப்பன் பெயர், பெருவிரல் ரேகை. ரேகையை யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றால் தம்பியை அனுப்புவதும், காய்ச்சல் என்றால் மருமகனை அனுப்புவதும் பாய்க்கப்பல்காரர்களிடம் பழைய வழக்கம்தான். போகிறவன் கரை திரும்பும்வரை அந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் 'ஏன்' என்று கேட்பான். ஷரஃபுதீனுக்கு அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. வேறு சுக்கானிக்குப் பாஸ் எழுதிவிட்டால் அந்த இடம் அவனுக்கே போய்விடும். தன் பெயர் கப்பலிலேயே இருந்தால் தை மாதம் தானே போய் ஏறிக்கொள்ளலாம்.

காதரைக் கூப்பிட்டார்.

"பதினஞ்சு நாள்தானே மச்சான்?" என்றான் காதர், முழங்காலைத் தடவிக்கொண்டு.

"பதினஞ்சே நாள். பிள்ளை பொறக்கிறதுக்குள்ள வந்துடலாம். வாந்தி வந்தா வாயில புளியைப் போட்டுக்க. சுக்கான் பக்கம் நிக்கச் சொன்னா, இடது பக்கம் இழுப்பா, வலது பக்கம் ஒரு பிடி கூடவே வெச்சுக்க."

"எவ்வளவு கூட?"

"அது கைக்கே தெரியும்."

ஜஹனாரா கொடுத்த புளி உருண்டையைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு, காதர் டிராம் ஏறிப் போனான்.

*

கார்த்திகை பாதியில் செய்தி வந்தது. புறப்பட்ட நாலாம் நாள், கோடியக்கரைக்கு அப்பால், புயல். கரையில் ஒதுங்கியது பாய்மரத் துண்டும், பெயர் செதுக்கிய பலகையும், ஊறி வெடித்த அரிசி மூட்டைகளும்தான். ஆள் ஒருவரும் ஒதுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷரஃபுதீன் டிராமில் பாரிமுனைக்குப் போய், அங்கிருந்து மண்ணடிக்கு நடந்தார். கப்பல் ஏஜென்டு ஆபீசில் இருந்த குமாஸ்தா புது ஆள், அவரை அறியாதவன். ஜும்மா முடிந்ததும் ஒரு சின்னப் பள்ளிவாசலில், கடலில் போனவர்களுக்குக் காயிப் ஜனாஸா என்று சொன்னார்கள். உடல் கிடைக்காதவர்களுக்குத் தொழுகிற தொழுகை. கடற்கரை ஊர்க்காரர்கள் அங்கே நிறைய இருந்ததால் வரிசை நிரம்பிவிட்டது. ஒருவர் ஏஜென்டு ஆபீஸ் தாளைப் பிடித்துக்கொண்டு பெயர்களை வாசித்தார். நகுதா மெஹபூப் அலி. பிறகு ஒவ்வொருவராக. பத்தாவதாக, "சுக்கானி, மயிலாப்பூர் ஷரஃபுதீன்."

பக்கத்தில் நின்ற கிழவர் அவர் முழங்கையைப் பிடித்தார். கப்பலில் பழைய சமையல்காரர் இனாயத். கண் மங்கி வேலையை விட்டவர்.

"அடேய் ஷரஃபு, உன்னைத்தானடா மவுத்துன்னு வாசிக்கிறான்."

"ஆமா."

"உன் பாஸில போனது யாரு?"

"மச்சான்."

 இனாயத் காதுக்கருகில் வந்தார். "இப்ப வாயைத் திறக்காதே. யுத்தக் காலம். ஆள் மாத்தி அனுப்பினதுன்னு தெரிஞ்சா உன்னையும் உள்ள வைப்பான், நகுதா பொண்டாட்டி பிள்ளையையும் ஸ்டேஷனுக்கு இழுப்பான்."

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிவிட்டார்கள். கை கட்டி நின்றார் ஷரஃபுதீன். அந்தத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றி தரையில் படுவதும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர். அந்த நேரத்தில் அவர் மனதில் சுக்கான் கட்டைதான் இருந்தது. இடுப்பு உரசி உரசி அதில் விழுந்திருந்த பள்ளம். இடது பக்கம் இழுத்திருப்பாள். வலது பக்கம் பிடி கொடுக்க ஆள் இல்லை. அந்தத் தேக்கு அவ்வளவு சீக்கிரம் உடையாது, எந்த இடத்தில் முதலில் விட்டிருக்கும், முன்பாய்மரத்து அடியிலா, பின்கட்டிலா? இப்படியே போனது. சலாம் கொடுத்து முடித்தபோது, தான் அழுதிருப்பதை அவர் பார்த்தார்.

வீடு திரும்பியபோது வாசலில் வஜீஹா நின்றிருந்தாள். ஏழு மாதம். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, "காக்கா, கப்பல் முழுகிடுச்சாமே?" என்றாள். வேலம்மா சொல்லியிருந்தாள். அவள் உதடு வெள்ளையாக இருந்தது.

"கப்பல் முழுகிடுச்சு" என்றார் ஷரஃபுதீன். "திரும்பி வரப்ப. காதர் அதுல இல்ல. கொழும்புலயே இறங்கிட்டான். அங்க ஒரு தார்ப்பாய்க் கடையில வேலை கிடைச்சுதாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறாம் நாள் அரிசி கடன் வாங்கிக் கஞ்சி காய்ச்சி, புருஷன் உயிர் பிழைத்ததற்காகச் சந்து முழுவதும் ஊற்றினாள். ஷரஃபுதீனும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜஹனாராவிடம் சொன்னார். அவளும் சரி என்றாள். தை மாதக் கடைசியில் பிள்ளை பிறந்தது, மூச்சு இல்லை. அதன்மேல் இதையும் எப்படிப் போடுவது என்று நாற்பது நாள் நாலு மாதம் ஆயிற்று. பாஸ் வேறு பெயரில் இருப்பதால் காதர் தலைகாட்டப் பயப்படுகிறான், யுத்தம் முடியட்டும் என்று அவர் ஒரு காரணம் சொன்னார். அது நன்றாகவே பொருந்தியது. கொழும்பு ஐந்தாம் குறுக்குத் தெரு என்று வாயில் வந்த விலாசத்தைச் சொல்ல, அந்த விலாசத்துக்கு வஜீஹா மாதம் ஒரு கடிதம் எழுதினாள். பதில் வராததற்கும் அதே காரணத்தையே அவர் சொன்னார்.

துறைமுகத்தின் ஏட்டில் ஷரஃபுதீன் இறந்துபோனவர். வேறு எந்தக் கப்பலுக்கும் அவர் போக முடியாது. முதல் சில மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தார். "பெரியவளுக்கு இத்தா இருக்கீங்களா?" என்றாள் ஜஹனாரா ஒருநாள். புருஷன் இறந்த பெண் வெளியே வராமல் நாலு மாதம் பத்து நாள் இருப்பதைச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் 'பெரியவள்' என்ற பேச்சு வீட்டில் எழவில்லை. பிறகு அவர் கால்வாயில் விறகு கொண்டுவரும் படகுகளுக்குப் பாய் ஒட்டுப்போடும் வேலைக்குப் போனார். முழங்கால் ஆழத் தண்ணீர். கழி ஊன்றித் தள்ளுகிற படகுகள்.

இரண்டாம் வருஷம், மீர்சாகிப்பேட்டையில் புத்தகம் பைண்டு செய்யும் வலியுல்லா, மனைவியை இழந்தவர், வஜீஹாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். காதர் இருக்கிறானா இல்லையா என்று ஜமாத்தில் கேட்டு முடிவு செய்யலாமே என்றார்கள். "இருக்கிற மனுஷனை எதுக்கு இல்லைன்னு கேக்கணும்?" என்று வஜீஹா கதவைச் சாத்திவிட்டாள். வலியுல்லா ஆறு மாதம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் செய்துகொண்டார். அந்தக் கல்யாண பிரியாணி வந்தபோது ஷரஃபுதீன் பசி இல்லை என்று சொல்லிவிட்டார்.

யுத்தமும் முடிந்தது. ஐந்து மாதம் பார்த்தாள் வஜீஹா. காதர் வரவில்லை. "ஒருவேளை முடியாம கிடக்காரோ என்னவோ. நானே போய்ப் பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

*

ஜஹனாரா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எத்தனை முடிச்சுப் போட்டாலும் நாளைக்கு ரயில் வரும். ஹபீபுர் ரஹ்மான் வீட்டுல டிக்கெட்டு வாங்க வஜீ போயிருக்கா. வர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"மூணு வருஷமா இதைத்தான் சொல்றீங்க. பாஷை தெரியாத ஊருல கடை கடையா ஏறி, இல்லாத ஆளைக் கேட்டுட்டு நிப்பாளா அவ? பெட்டிக்குள்ள என்ன வெச்சிருக்கான்னு தெரியுமா? அவருக்கு ரெண்டு சட்டை தெச்சு வெச்சிருக்கா. இளைச்சிருப்பாருன்னு ஒரு சுத்துக் குறைச்சு."

ஷரஃபுதீன் கயிற்றைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜஹனாரா எழுந்து அடுப்படி நிலைக்குப் போய் நின்றுகொண்டாள். வஜீஹா உற்சாகமாகத்தான் வந்தாள். தலைத்துணியை இறக்கிவிட்டு, பெட்டியருகில் உட்கார்ந்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன காக்கா, யானையைக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க? மண்டபம் கேம்ப்பிலே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வாங்களாம். நான் எப்படி அவிழ்ப்பேன்? லேசா ஒரு முடிச்சுப் போடுங்க."

"திறக்க வேணாம்."

"காட்டச் சொன்னா?"

"நீ போக வேணாம் வஜீ."

"மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று ஜஹனாராவைப் பார்த்தாள் அவள். "பாருங்க லாத்தா. உங்க முட்டி வலிக்கு நான் உங்களைக் கூப்பிடலியே காக்கா. ஹபீபு பாய் பொஞ்சாதி கூடவே இருக்காங்க. ஐந்தாம் குறுக்குத் தெரு அவங்களுக்குத் தெரியுமாம்."

"கப்பல் கொழும்புக்கே போகல" என்றார் ஷரஃபுதீன்.

வஜீஹாவின் கை முடிச்சின் மேலேயே இருந்தது.

"போறப்பவே முழுகிடுச்சு. கோடியக்கரைக்கிட்ட. ஒருத்தரும் பொழைக்கல."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் சந்தின் கோடிவரை போய்த் தேய்ந்தது. வஜீஹா அழுவாள் என்று ஜஹனாரா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். வஜீஹா அழவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"ஐப்பசி இருபத்தெட்டு."

"பிள்ளை பொறந்தது தை." இன்னொரு விரலை மடக்கினாள். "வயித்துல பிள்ளை இருந்தா, பிள்ளை பொறக்கிற வரைக்கும்தான் இத்தா. அப்ப நான் இத்தாவும் இருந்து முடிச்சுட்டேன். எனக்கே தெரியாம." ஜஹனாராவை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கஞ்சி ஊத்தினேனே லாத்தா, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ஜஹனாரா.

"உப்பு போதலன்னு சொன்னீங்க."

ஜஹனாரா சொம்பைக் கீழே வைத்தாள்.

ஷரஃபுதீனுக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் போலிருந்தது. "அவனுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாச்சு புள்ளே. அப்படியே விட்டுடல. மண்ணடியில காயிப் ஜனாஸா தொழுதாங்க. வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. நானும் நின்னேன்."

"பேரைச் சொல்லித்தானே தொழுவாங்க?"

"ஆமா."

"அவரு பேரைச் சொன்னாங்களா?"

ஷரஃபுதீன் கயிற்று நுனியைப் பார்த்தார். "பாஸில இருந்த பேரைத்தான் வாசிச்சாங்க."

"உங்க பேரை."

"ம்."

"காதர்னு யாரும் சொல்லல."

"இல்ல."

வஜீஹா பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவே இல்லை. நாளைக்கு என்ன சமையல் என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அத்தனை பேரும் தெரியாம உங்களுக்குத் தொழுதுட்டுப் போயிருப்பாங்க. அது அவங்க தப்பில்ல. அந்த வரிசையில அவரைத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். கை கட்டறப்ப நிய்யத்து வெப்பீங்கல்ல, இன்னாருக்காகத் தொழறேன்னு. நீங்க யாருக்கு வெச்சீங்க காக்கா?"

கயிற்றின் நுனி பிரிந்திருந்தது. ஷரஃபுதீன் அந்த நார்களைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கினார். மூன்று புரியையும் சேர்த்தார். காதர் பெயரைச் சொல்ல வாய் திறந்தார். தொழுகையைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.  ஜஹனாரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குத்தானே?" என்றாள் வஜீஹா. "அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

குளத்துப் பக்கம் தெப்பத்துக்கு நாகஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது. ஷரஃபுதீன் முறுக்கிய நுனி மறுபடி பிரிந்தது. அவர் மறுபடி முறுக்கினார்.

வஜீஹா எழுந்தாள். தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நிலைப்படியில் கை வைத்து, அவர் பக்கம் திரும்பாமல், கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.